ராசி எழுத்து

மகளின் தலைமுடியை மூன்று பிரியாகப் பிரித்தாயிற்று. நடுப்பிரியை மகளே தோளுக்கு மேல் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அதனால் மூன்று வருடமாக அந்த வீட்டில் சடை பின்னுவது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. பழகிவிட்டதால் இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை முடிந்துகொண்டிருந்த கணவன், ஷூவிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"நம்ம மிஷின் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுதில்ல, என்னையும் அங்க அனுப்பறாங்களாம். மிஷினை எல்லாம் இறக்கி மாட்டிக் கொடுக்கணும். ரெண்டு வருஷம்."

அவள் கை நிற்கவில்லை. "நல்லதுதானே. இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க, கம்பெனியையே மூடறாங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடணும். நாளைக்கு."

"என்னன்னு?"

அவன் ஏற்கெனவே முடிந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி முடிந்தான். "பன்னெண்டு மிஷினும் நல்லா ஓடுதுன்னு."

"அவ்வளவுதானா?"

"எல்லாத்துலயும் கூண்டு மாட்டியிருக்குன்னும்."

இப்போது கை நின்றது. மகள் நடுப்பிரியைப் பிடித்தபடியே தலையைத் திருப்பாமல் காத்திருந்தாள். சடை கோணலாக முடிந்தது. மகள் அதைச் சொல்லிக்காட்டாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூண்டு என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் அலமாரிக் கதவுகளுக்கு மாட்டுகிற கீல் தயாரானது. தகட்டை வெட்டி வளைக்கிற பிரஸ் மிஷின்கள் பன்னிரண்டு. முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, தகட்டுத் துண்டை அச்சுக்குள் வைத்துக் காலால் மிதித்தால் மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கும். அந்தத் தலைக்கும் கைக்கும் நடுவில் ஒரு கம்பி வலைக் கதவு உண்டு. அதுதான் கூண்டு. அதைச் சாத்தாமல் மிதித்தால் தலை இறங்காது. கையைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் திறந்து, வைத்து, சாத்தி மிதித்தால் ஒரு நாளைக்கு ஆகிற எண்ணிக்கை பாதியாகிவிடும். ஆகவே பன்னிரண்டு கூண்டுகளும் ஸ்டோர் ரூமில் கோணி போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கின. கீல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் வருடத்துக்கு இரண்டு முறை சோதனைக்கு வருவார்கள். அன்று காலையில் கூண்டுகள் வெளியே வரும். தொழிலாளிகள் அதற்குக் 'கூண்டு நாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்குப் புதுக் கையுறை கிடைக்கும், கழிப்பறையில் சோப்பு இருக்கும். வந்தவர்கள் தாளில் சரி போட்டுவிட்டு, தேநீர் குடித்து, கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். சாயங்காலமே கூண்டு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும்.

மூணாம் நம்பர் பிரஸ்ஸில் எட்டு வருடம் உட்கார்ந்தவள் அவள். ஆலையில் அவளுக்குப் பெயரே 'மூணாம் நம்பரக்கா'தான். விரல் போன அன்று கூண்டு இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். விபத்து அறிக்கையில் மட்டும், தொழிலாளி தன் இஷ்டத்துக்குக் கூண்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தார் என்று எழுதியிருந்தது. கீழே, மிஷின்களுக்குப் பொறுப்பான பிட்டரின் கையெழுத்து. அந்தப் பிட்டர் அவள் புருஷன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், அவன் சட்டையை ஊறவைக்கும்போது பையில் அந்தத் தாளின் நகலைப் பார்த்தாள். ஒற்றைக் கையால் பிரித்துப் படித்துவிட்டு, நனையாமல் எடுத்து ஜன்னலில் வைத்தாள். அவனும் அங்கே அதைப் பார்த்தான். அவள் கேட்டிருந்தால் அவன் அழுதிருப்பான். அழுதிருந்தால் அவள் மன்னித்துத் தொலைத்திருப்பாள். அதற்குப் பயந்துதான் கேட்காமல் இருந்தாளோ என்னவோ. கம்பெனி ரொம்பப் பெரிய மனசு பண்ணி, அவளை வேலையை விட்டு நீக்காமல் அதே கூடத்தைப் பெருக்க வைத்துக்கொண்டது. அதற்கு நன்றி சொல்லி ஒரு தாளில் இவளும் கையெழுத்துப் போட்டாள், இடது கையால்.

அன்று ஆலைக்கூடத்தில் மிஷின் ஓடவில்லை. மரப்பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன. எல்லோரையும் கூட்டி மேனேஜர் பேசினார். பாவம், அவரும் சம்பளக்காரர்தான். மேலேயிருந்து அனுப்பிய தாளைப் பார்த்துத்தான் படித்தார்.

"இது யாரோட தப்பும் கிடையாது. இப்ப உலகமே ஒரே சந்தையாயிடுச்சு. நாட்டுக்கு நாடு இருந்த தடை எல்லாம் எடுத்துட்டாங்க, வரியும் எடுத்துட்டாங்க. எங்க செலவு கம்மியோ அங்கதான் தொழில் போகும். தண்ணி பள்ளத்துக்குப் போற மாதிரி. இதுல கோபப்பட ஒண்ணுமே இல்ல."

பேக்கிங்கில் இருந்த வழுக்கைத் தலைக்காரன் கையைத் தூக்கினான். எந்தச் சாவு வீட்டிலும் சிரிக்கவைக்கிற ஆள் அவன்.

"சார், தடைதான் எல்லாம் எடுத்துட்டாங்களே, மிஷின் போற கப்பல்ல நாங்களும் ஏறிக்கலாமா?"

"அதெப்படி? உங்களுக்கு விசா வேணுமே."

"அப்ப மிஷினுக்கு?"

கூடமே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் யாருக்கும் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக அங்கே நின்றவர்கள் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, தங்கள் பிழைப்பைத் தாங்களே போல்ட் போல்ட்டாகக் கழற்றப் போனார்கள்.

இதே மிஷின்கள் பதினொரு வருடத்துக்கு முன்னால் இதேபோலப் பெட்டிகளில்தான் வந்தன. வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து. அங்கே கூலி ஏறிவிட்டதாம். அன்று இங்கே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். இவ்வளவு நல்ல மிஷினை அங்கே ஏன் விட்டார்கள், அதை ஓட்டினவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலை வந்து வாசலில் நிற்கும்போது யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

அந்தப் பன்னிரண்டில் மூணாம் நம்பருக்கு மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. அதன் இடது பக்கத்தில், தோள் உயரத்தில், உளியால் கொத்தின நான்கு வரி எழுத்து. என்ன பாஷையோ, யாருக்கும் தெரியாது. மேலே எத்தனை முறை பச்சைப் பெயின்ட் அடித்தாலும் பள்ளம் தெரியும். மற்ற மிஷின்கள் மாதத்துக்கு ஒரு முறை மக்கர் பண்ணும்போது மூணாம் நம்பர் மட்டும் சளைக்காமல் ஓடியது. செய்தவன் ஏதோ நல்ல வார்த்தை சொல்லிக் கொத்தி அனுப்பியிருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அது 'ராசி எழுத்து' ஆகிவிட்டது. ஷிப்ட் தொடங்கும் முன்னால் பெண்கள் வரிசையாக வந்து அதைத் தொட்டுவிட்டுத்தான் ஸ்டூலில் உட்காருவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

விரல் போன அன்றும் அவள் தொட்டாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, வலது கையால்தான் தொட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள், "ராசி எழுத்து இருக்கப் போய் ரெண்டு விரலோட விட்டுச்சு, இல்லன்னா மணிக்கட்டே போயிருக்கும்" என்றார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

இனி அதைப் பார்க்கப் போவதில்லை. பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒரு ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று, துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுத் தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் மகள் அந்தப் படத்தைப் பார்த்தாள். "இதுதான் நீ சொல்வியே, அந்த எழுத்தா?" என்று பெரிதாக்கிப் பார்த்தாள். "இரும்மா, எந்த பாஷையா இருந்தாலும் படம் காட்டினா இது படிச்சுச் சொல்லும். ஸ்கூல்ல பண்ணியிருக்கோம்."

"ஏதாவது கடவுள் வாக்கா இருக்கும். பாரு."

போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, அந்த மாதிரி சங்கதிகள் பேசுகிற விறைப்பான தமிழில் வரிகள் வந்தன. மகள் உரக்கப் படித்தாள்.

"கூண்டு நீக்க வேண்டாம். இந்த இயந்திரம் என் தங்கையின் கை எடுத்துக்கொண்டது. அவர்கள் அவள் தவறு என்று எழுதினார்கள். அடுத்த நபர், தயவுசெய்து."

மகளின் குரல் கடைசி வரியில் தேய்ந்துபோனது. அறையின் மறு மூலையில் கருவிப் பெட்டியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"இன்னொரு தடவை படி" என்றாள் அவள். மகள் படித்தாள்.

எட்டு வருடம். தினமும் காலையில், வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்த வாயைத் தொட்டுத் தொட்டு அல்லவா போய் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வரவில்லை. முகம் தெரியாத அந்த அக்காவோ அண்ணனோ, உளியைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் கொத்திக்கொண்டிருந்தது கண் முன்னால் நின்றது. அடுத்த நபர் என்று எழுதியது தன்னைத்தான் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"அங்கயும் அப்படித்தான் எழுதினாங்களாம்" என்றாள். "அவ தப்புன்னு."

அவன் கருவிப் பெட்டியை மூடினான்.

"அங்க கையெழுத்துப் போட்டவன் யாரோ. அவளுக்கு அவன் என்ன உறவோ."

"ஏம்மா, குத்திக் காட்டாத. போடலன்னா அன்னைக்கே என்னை வெளிய தள்ளியிருப்பான். உன் ஆஸ்பத்திரிச் செலவுக்கு நான் எங்க போவேன்? பிள்ளையை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் தெருவுலயா நிக்கிறது?"

"மூணு வருஷமா நான் ஒரு வார்த்தை கேட்டனா? இப்பவும் அதைக் கேக்கலை. அது என் விரல், போச்சு, விட்டுட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "நாளைக்குப் போடப் போறீங்களே, அது யாரோ ஒருத்தியோட விரல். அவ முகம்கூட எனக்குத் தெரியாது. அவளுக்கும் ஒரு பொண்ணு இருந்தா, யாருங்க சடை பின்னிவிடுவா?"

அவன் கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று வருடமாகத் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதான். மகள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ஸ்டோர் ரூமைத் திறந்து, பன்னிரண்டு கூண்டுகளையும் வெளியே இழுத்துவந்து தூசி தட்டினான். பாதி மிஷின்களுக்கு மாட்டியும் விட்டான். விஷயம் மேனேஜர் அறைக்குப் போனது. அவர் ஒரு பட்டியலோடு வந்தார்.

"என்னய்யா பண்ற? கப்பல்ல போற சாமான் லிஸ்ட் இது. ஒவ்வொரு போல்ட்டும் இதுல இருக்கு. கூண்டு எங்கயாவது இருக்கா? அங்க வேண்டாம்னுட்டாங்க. பழைய இரும்புல போடச் சொல்லியாச்சு."

"லிஸ்ட்ல இல்லாதது சர்டிபிகேட்ல மட்டும் எப்படி சார் இருக்கு?"

மேனேஜர் நல்ல மனிதர், பதில் இல்லாத இடத்தில் கோபப்படத் தெரியாதவர். தாளையும் பேனாவையும் நீட்டினார். "உன் நல்லதுக்குச் சொல்றேன். போட்டுட்டுப் போய்ப் பிழைச்சுக்கோ."

பிட்டர் தாளை வாங்கினான். 'கூண்டு மாட்டப்பட்டுள்ளது' என்ற வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கூண்டு இல்லை' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டான். கூடத்தின் ஓரத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவள் அதைப் பார்த்தாள். அவளுக்குக் கல்யாணமான நாளில்கூட அவனைப் பார்த்து அப்படி மனம் நிறைந்ததில்லை.

ஆனால் அலுவலகத்தில் தாளுக்கா பஞ்சம்? பத்து நிமிடத்தில் வேறு ஒன்று அச்சடித்து வந்தது. அதில் கையெழுத்துப் போட்டது, எல்லோரும் குட்டை என்று கூப்பிடுகிற இரண்டாவது பிட்டர். அவனுக்கு வீட்டில் மூன்று தங்கைகள், கெட்டவன் இல்லை. மாட்டிய கூண்டுகளை அவனே மறுபடி கழற்றினான். அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகிய பெரிய பிட்டரின் பக்கம் தலையை நிமிர்த்தாமலே கழற்றினான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, மூணாம் நம்பரின் பெட்டியில் ஒரு பக்கப் பலகை மட்டும் பாக்கி இருந்தது. அவள் அதன் முன்னால் நின்றாள். எழுதி வைத்தால் அங்கே யாருக்குப் படிக்கத் தெரியும்? அதையும் ராசி என்று தொட்டுக் கும்பிட்டாலும் கும்பிடுவார்கள். துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கிற சிவப்புப் பெயின்ட் டப்பா பக்கத்தில் திறந்திருந்தது. வலது உள்ளங்கை முழுவதும் பெயின்டைப் பூசிக்கொண்டு, அந்த நான்கு வரிக்கு மேலே கையை அழுத்தி எடுத்தாள். கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல். நடுவில் இரண்டு இடம் காலி. இதைப் படிக்கப் பாஷை எதற்கு என்று நினைத்தாள்.

பலகையோடு வந்த குட்டை அதைப் பார்த்துவிட்டான். "நான் பாக்கலை அக்கா" என்று சொல்லிவிட்டுப் பலகையை வைத்து ஆணி அடித்தான்.

ஐந்து மாதம் போனது. ஆலைக்கூடம் சும்மா கிடக்கவில்லை, கிடங்காக மாறியிருந்தது. வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகக் கீல் வந்து இறங்கியது. வரி இல்லை, அதனால் விலையும் கம்மி. தன் மிஷின்கள் அங்கே செய்த கீலை, தான் நின்ற இடத்திலேயே, பிட்டர் இப்போது முதுகில் சுமந்து இறக்கினான். அவளுக்கு அங்கேயே ஒரு ஸ்டூல் கிடைத்தது, சின்னப் பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிற வேலை. அதற்கு மூன்று விரல் தாராளம்.

ஒருநாள் பிரிந்திருந்த பெட்டியிலிருந்து ஒரு கீல் உருண்டு வந்தது. அவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கீலின் உள் மடிப்பில் முடி கனத்துக்கு ஒரு கீறல். மூணாம் நம்பர் அச்சில் விழுந்த கீறல் அது, எத்தனை சாணை பிடித்தும் போகவில்லை. எட்டு வருடம் பார்த்த கீறல். பெட்டியைக் கிளறினாள். எல்லாவற்றிலும் இருந்தது. பெட்டிமேல் அடித்திருந்த தேதியைப் பார்த்தாள், அடுத்தடுத்த பெட்டிகளிலும் பார்த்தாள். ஒரே நாளில் இத்தனை கீலா? கூண்டைத் திறந்து சாத்திக்கொண்டு ஓட்டினால் இதில் பாதிகூட வராது.

சாப்பாட்டு இடைவேளையில், அவள் புருஷனுக்குப் பதிலாக மிஷின்களோடு அங்கே போயிருந்த குட்டையை வீடியோ போனில் கூப்பிட்டாள். அவன் முகம் தெரிந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தான்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? அண்ணன் இன்னும் கோபமா இருக்காரா?"

"அதெல்லாம் இல்ல தம்பி. மூணாம் நம்பரைக் கொஞ்சம் காட்டு."

"இப்பதான் அடுத்த ஷிப்ட் ஏறுது. பாருங்க."

போன் திரும்பியது. அதே பச்சை மிஷின்கள், தரையில் அதே மஞ்சள் கோடு. அவளுடைய கூடத்தையே தூக்கிக் கொண்டுபோய் வைத்த மாதிரி இருந்தது. மூணாம் நம்பர் முன்னால் கூண்டு இல்லை. பக்கவாட்டில் சிவப்புக் கை அப்படியே இருந்தது, நடுவில் மட்டும் கொஞ்சம் மங்கி, வழவழத்து. ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களை அந்தச் சிவப்புக் கையின்மேல் அளவாகப் பொருத்தி வைத்து, ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க எல்லாரும் அப்படித்தான் அக்கா" என்று குட்டையின் குரல் சிரித்தது. "காலையில முதல்ல உங்க கையைத் தொட்டுட்டுத்தான் உக்காருவாங்க. ரொம்ப ராசியாம்."

அவள் போனைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்தாள்.

"அந்தப் பொண்ணு பக்கம் போனைத் திருப்பு தம்பி. நான் அவளுக்குத் தெரியணும்."

"பாஷை தெரியாதே அக்கா."

"பாஷை வேணாம். திருப்பு."

அந்தப் பெண்ணின் முகம் திரையில் பெரிதாகத் தெரிந்தது. இவள் வலது கையை விரித்து முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள், பதிலுக்குக் கையை ஆட்டப் போனாள். பிறகு பார்த்தாள். இந்தக் கையைப் பார்த்தாள், மிஷினில் இருந்த கையைப் பார்த்தாள், மறுபடி இந்தக் கையைப் பார்த்தாள். மடக்கியிருந்த தன் இரண்டு விரல்களையும் மெல்ல நீட்டி, அவற்றை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அங்கே மணி அடித்தது. அவள் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு நின்றாள். யாரோ ஓர் ஆண் அதட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ அக்கா, என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க" என்றான் குட்டை. போன் கட்டாகிவிட்டது.

இங்கேயும் இடைவேளை முடிந்தது. அவள் ஸ்டூலுக்குத் திரும்பி வந்தாள். லேபிள் சுருளை எடுக்கவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இந்த லேபிளை நான் ஒட்டமாட்டேன்."

"விளையாடாதீங்க. நீங்க ஒட்டலன்னா வேற ஆளை வச்சு ஒட்டுவேன், அவ்வளவுதான்."

"ஒட்டிக்கோங்க. என் கையால நடக்காது."

அவர் தலையில் அடித்துக்கொண்டு, சுருளை எடுத்துப் பக்கத்து ஸ்டூல்காரியின் மடியில் போட்டுவிட்டுப் போனார். ஸ்டூல்காரி ஒரு லேபிளை உரித்தாள். ஒட்டப் போனவள், மேஜைமேல் இருந்த மூணாம் நம்பரக்காவின் கையைப் பார்த்தாள். மாதக்கணக்காக அந்தக் கை பக்கத்தில்தான் இருக்கிறது. பிறகு, தன் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த லேபிளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் தடவையாகப் படித்தாள்.

'பாதுகாப்பான தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது.'